புது லேப்டாப்புக்கு மாறியதில் பாதி ஃபைல்கள் காணவில்லை: பழையதை சனிக்கிழமை கொடுத்துவிட வேண்டும்

அல்சூர்_அங்காடி (கேள்வி)

வணக்கம். மளிகைக் கடைக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரே லேப்டாப். பழையது விண்டோஸ் 10, 1 டிபி ஹார்ட் டிஸ்க், சி, டி என்று இரண்டு டிரைவ். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் நின்றுவிட்டதால் விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கியிருக்கிறோம். பழையது எக்ஸ்சேஞ்சில் போகிறது. சனிக்கிழமை எடுத்துப் போக வருவார்கள்.

செய்தது இதுதான். சி டிரைவில் உள்ள யூசர்ஸ் ஃபோல்டரையும் டி டிரைவையும் எக்ஸ்டர்னல் டிஸ்கில் காப்பி செய்தேன். நடுவில் ஏதோ எரர் வந்துகொண்டே இருந்தது. ‘ஸ்கிப்’ கொடுத்து, எல்லாவற்றுக்கும் இதையே செய் என்று டிக் போட்டுவிட்டேன். பிறகு புது லேப்டாப்பில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கை மட்டும் பேஸ்ட் செய்தேன். புதியதில் கடை மெயில் ஐடியில் சைன்-இன் செய்திருக்கிறேன். பழையது என் சொந்த ஐடியில் இருந்தது. அதில் ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) 100 ஜிபி கட்டணத் திட்டம் உண்டு.

காணாமல் போனவை: டெஸ்க்டாப்பில் இருந்த அத்தனையும் (வீட்டு ஏ-காத்தா என்ற மாநகராட்சிச் சொத்துப் பதிவு, கிரயப் பத்திர ஸ்கேன் எல்லாம் அங்கேதான்), 2019 முதல் 2022 வரையிலான போட்டோக்கள், டாலி மென்பொருளில் வைத்திருந்த கடைக் கணக்கு, ஸ்டிக்கி நோட்ஸில் (திரையில் ஒட்டும் குறிப்புச் சீட்டு) குறித்து வைத்த சப்ளையர் விவரம். 7 ஜிபி கல்யாண வீடியோவைத் தனியாக 32 ஜிபி பென்டிரைவில் கொண்டுவர முயன்றேன், ஏறவே இல்லை. ‘ஸ்ரீராமபுரம் வாடகை ஒப்பந்தம்’ என்று ஒரு ஃபைல் இருப்பது நிச்சயம், தேடினால் வரவில்லை. அப்பா பல வருடமாகத் தட்டச்சு செய்த தமிழ் வேர்டு ஃபைல்கள் வந்திருக்கின்றன, ஆனால் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குவியல்.

பழைய லேப்டாப்பில் யூசர்ஸ் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் ‘சைஸ்’ 212 ஜிபி, ‘சைஸ் ஆன் டிஸ்க்’ 151 ஜிபி என்கிறது. எக்ஸ்டர்னல் டிஸ்கில் அதன் காப்பி 150 ஜிபிதான். மீதி எங்கே போச்சு?

---

டிஸ்க்_மேஸ்திரி

முதல் காரியமாக, சனிக்கிழமையைத் தள்ளிப் போடுங்க. ஒரு வாரம் தள்ளினால் நஷ்டமில்லை. பழைய லேப்டாப்பில் எதையும் அழிக்காதீங்க, ரீசெட் செய்யாதீங்க, ஒன்டிரைவை ‘அன்லிங்க்’ பண்ணவும் (கணக்கோடு உள்ள தொடர்பைத் துண்டிக்கவும்) வேண்டாம்.

நீங்க எழுதியதிலேயே பாதி விடை இருக்கு. 212-க்கும் 151-க்கும் இடையில் உள்ள 61 ஜிபி உங்க ஹார்ட் டிஸ்கிலேயே இல்லை. ஒன்டிரைவில் இடத்தை மிச்சப்படுத்த ஒரு வசதி உண்டு: ஃபைலின் பெயரும் சைஸும் மட்டும் கம்ப்யூட்டரில் தெரியும், உள்ளடக்கம் மைக்ரோசாஃப்ட் சர்வரில் இருக்கும். திறக்கும்போதுதான் இறங்கும். ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் பாருங்க. வெறும் மேகப் படம் இருந்தால் அது இங்கே இல்லை. பச்சை விளிம்புக்குள் டிக் இருந்தால் இறங்கியிருக்கு, ஆனால் இடம் குறைந்தால் விண்டோஸ் அதைத் திரும்ப மேலே தள்ளலாம். முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் இருந்தால் இங்கேயே நிரந்தரம். காப்பி செய்யும்போது நெட் இல்லாமலோ ஒன்டிரைவ் ஓடாமலோ இருந்தால் மேகப் படம் போட்ட ஒவ்வொரு ஃபைலுக்கும் எரர் வரும். எரர் எண் 0எக்ஸ்8007016ஏ என்று இருந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், கிளவுட் சேவை ஓடவில்லை என்பதுதான் அதன் பொருள். நீங்க ‘எல்லாவற்றுக்கும் ஸ்கிப்’ கொடுத்ததில் அந்த 2019–2022 போட்டோக்கள் மொத்தமாகத் தாண்டிப் போயிருக்கு. அழியவில்லை.

இரண்டாவது, டெஸ்க்டாப். ஒன்டிரைவில் ‘பேக்அப்’ ஆன் ஆகியிருந்தால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் இடம் மாறிவிடும். திரையில் நீங்க பார்க்கும் டெஸ்க்டாப் உண்மையில் யூசர்ஸ் › உங்க பெயர் › ஒன்டிரைவ் › டெஸ்க்டாப். பழைய இடத்தில், அதாவது யூசர்ஸ் › உங்க பெயர் › டெஸ்க்டாப் என்பதில், காலி ஃபோல்டரோ ரெண்டு ஷார்ட்கட்டோதான் மிஞ்சும். அந்தக் காலி ஃபோல்டரைத்தான் புதியதில் பேஸ்ட் செய்திருக்கீங்க. உறுதி செய்ய, பழைய லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் இடது ஓரத்தில் டெஸ்க்டாப் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ‘லொகேஷன்’ டேப். அங்கே எழுதியிருப்பதுதான் உண்மையான விலாசம். எக்ஸ்டர்னல் டிஸ்கிலும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போய்ப் பாருங்க, காத்தாவும் பத்திரமும் அங்கே உட்கார்ந்திருக்க நிறைய வாய்ப்பு.

ஒரு எச்சரிக்கை: ‘பேக்அப்பை நிறுத்தினால் பழைய இடத்துக்கே வந்துவிடும்’ என்று யாராவது சொன்னால் இப்போதைக்குச் செய்யாதீங்க. நிறுத்தும்போது ஃபைல்களை ஒன்டிரைவிலேயே விட்டுவிட்டு, ‘உங்க ஃபைல்கள் இங்கே’ என்கிற மாதிரி ஒரு ஷார்ட்கட்டை மட்டும் காலி டெஸ்க்டாப்பில் வைத்துப் போவது உண்டு. எல்லாம் போய்விட்டது என்று பதறி, தவறான இடத்தில் தேடி, கடைசியில் ஷார்ட்கட்டையும் அழிப்பவர்கள் நிறையப் பேர்.

61 ஜிபியை எடுக்க இரண்டு வழி. பழைய சி டிரைவில் 61 ஜிபிக்கு மேல் காலி இடம் இருந்தால், அங்கேயே ஒன்டிரைவ் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து, எப்போதும் இந்தக் கம்ப்யூட்டரில் வைத்திரு என்ற ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுங்க. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் கணக்குப்படி 80 நிமிஷம், நடைமுறையில் ரெண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். சார்ஜரைச் செருகி, பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை ‘நெவர்’ ஆக்கிவிட்டுப் போங்க, இல்லாவிட்டால் அரை மணியில் தூங்கி இறக்கம் நின்றுவிடும். எல்லாம் முழுப் பச்சை ஆனபிறகுதான் காப்பி.

இடம் போதாவிட்டால் புது லேப்டாப்பிலேயே ஒன்டிரைவ் செட்டிங்கில் உங்க சொந்த ஐடியைச் சேருங்க. இப்போது கடை ஐடியில் இருப்பதால் அங்கே தெரிவது வேறொரு ஒன்டிரைவ், அதில் உங்க போட்டோ இருக்க வழியே இல்லை. சொந்தக் கணக்கு ரெண்டை ஒரே நேரத்தில் வைக்க முடியாது, முதலில் கடைக் கணக்கை எடுத்துவிட்டு மற்றதைப் போடணும். சேர்க்கும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் பேக்அப் வேண்டுமா என்று கேட்கும், வேண்டாம் என்று தாண்டுங்க. இல்லாவிட்டால் இன்று பேஸ்ட் செய்ததும் அங்கிருந்து வருவதும் கலந்து, ஒரே பெயரில் ரெண்டு ரெண்டு ஃபைலாக நிற்கும்.

பென்டிரைவ் விஷயம் எளிது. 32 ஜிபி பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 ஃபார்மட்டில் வரும். அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, காலி இடம் 30 ஜிபி இருந்தாலும் ஏறாது. பென்டிரைவில் உள்ளதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்க, அல்லது வீடியோவை எக்ஸ்டர்னல் டிஸ்கிலேயே போடுங்க.

ஸ்டிக்கி நோட்ஸ்: யூசர்ஸ் › உங்க பெயர் › ஆப்டேட்டா › லோக்கல் › பேக்கேஜஸ் போங்க. ஆப்டேட்டா மறைந்த ஃபோல்டர், ‘வியூ’வில் ஹிடன் ஐட்டம்ஸ் டிக் போட்டால்தான் தெரியும். அதற்குள் மைக்ரோசாஃப்ட் ஸ்டிக்கிநோட்ஸ் என்று தொடங்கும் ஃபோல்டர், அதற்குள் லோக்கல்ஸ்டேட். ‘ப்ளம்’ என்ற பெயரில் எஸ்க்யூலைட் ஃபைல் ஒன்றும், அதே பெயரோடு எஸ்எச்எம், டபிள்யூஏஎல் என்று முடியும் இரண்டும் இருக்கும். மூன்றையும் எடுக்கணும். கடைசியாக எழுதிய குறிப்புகள் டபிள்யூஏஎல்-லில்தான் இருக்கும். ப்ளம்மை மட்டும் எடுத்துவந்து ‘பழைய குறிப்பு வந்தது, புதுசு வரல’ என்று தவிப்பது இதனால்தான். புது லேப்டாப்பில் ஸ்டிக்கி நோட்ஸை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, அதே லோக்கல்ஸ்டேட்டில் இந்த மூன்றையும் போட்டுத் திறங்க.

குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளை இந்த முறையில் கொண்டுவர முடியாது. அவை அந்தக் கம்ப்யூட்டரின் விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை, ஃபோல்டரை அப்படியே தூக்கி வந்தாலும் திறக்காது. பழைய லேப்டாப் உயிரோடு இருக்கும்போதே குரோம் செட்டிங்கில் பாஸ்வேர்டு மேனேஜருக்குள் போய் எக்ஸ்போர்ட் செய்து, புதியதில் இம்போர்ட் செய்யுங்க. எக்ஸ்போர்ட் ஆகும் ஃபைலில் எல்லா பாஸ்வேர்டும் யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி இருக்கும். வேலை முடிந்த அடுத்த நிமிஷமே அதை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிடுங்க.

---

கணக்கர்_ஜெயநகர்

டாலிக்கு மட்டும் சொல்கிறேன்.

டாலிப்ரைம் வழக்கமாகக் கணக்கை யூசர்ஸ் › பப்ளிக் › டாலிப்ரைம் › டேட்டா என்ற இடத்தில் வைக்கும். உங்கள் பெயருள்ள ஃபோல்டரில் இல்லை, ‘பப்ளிக்’ ஃபோல்டரில். நீங்கள் யூசர்ஸ் முழுவதையும் காப்பி செய்திருப்பதால் எக்ஸ்டர்னல் டிஸ்கில் வந்திருக்கலாம், புதியதில் பேஸ்ட் செய்யவில்லை, அவ்வளவுதான். டாலியின் பழைய பதிப்பான ஈஆர்பி 9 காலத்திலிருந்து தொடர்ந்து வருகிற கணக்கென்றால் சி டிரைவுக்கு நேர் கீழே டாலி ஈஆர்பி9 › டேட்டா என்று இருக்கும். அது யூசர்ஸுக்கு வெளியே, காப்பியில் வந்திருக்கவே வாய்ப்பில்லை. ஊகிக்க வேண்டாம். டாலி இன்ஸ்டால் ஆன ஃபோல்டரில் ‘டாலி’ என்ற பெயரில் ஐஎன்ஐ ஃபைல் ஒன்று இருக்கும். நோட்பேடில் திறந்தால் ‘டேட்டா’ என்று தொடங்கும் வரியில் சரியான இடம் எழுதியிருக்கும்.

டேட்டா ஃபோல்டருக்குள் கடைப் பெயர் இருக்காது. ஒவ்வொரு கம்பெனியும் ஓர் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர். அதற்குள் 900 அல்லது 1800 என்ற நீட்சியோடு ஃபைல்கள் இருந்தால் அது டாலி கணக்கு. பலர் ‘ஏதோ எண் ஃபோல்டர், குப்பை’ என்று நினைத்து விட்டுவிடுவது இதைத்தான்.

ஃபோல்டரைத் தூக்கி வைப்பதைவிட, பழைய டாலியில் ஆல்ட்-ஒய், பேக்அப். புதியதில் ஆல்ட்-ஒய், ரீஸ்டோர். புதியதில் சோதனைக்கென்று ஏற்கெனவே ஒரு கம்பெனி உருவாக்கி பில் போடத் தொடங்கியிருந்தால் கவனம். இரண்டின் எண்ணும் ஒன்றாக இருந்தால் ரீஸ்டோர் அதன் மேலேயே எழுதிவிடும். காலியான வேறு ஃபோல்டரை இலக்காகக் கொடுத்து ரீஸ்டோர் செய்து, கம்பெனி தேர்ந்தெடுக்கும் திரையில் அந்த ஃபோல்டரின் பாதையைக் காட்டித் திறங்கள். புதியதில் உள்ள டாலி பழையதன் அதே ரிலீஸாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்க வேண்டும், பின்னோக்கித் திறக்காது.

திறந்ததும் டிரையல் பேலன்ஸையும், போன மாத ஜிஎஸ்டிஆர்-1-இல் (ஜிஎஸ்டி விற்பனைக் கணக்குத் தாக்கல்) உள்ள வவுச்சர் எண்ணிக்கையையும் இரண்டு லேப்டாப்பிலும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கணக்கு வந்துவிட்டது என்று சொல்ல அதுதான் அளவுகோல், ஃபைல் சைஸ் அல்ல.

பழையதை ஒப்படைக்கும் முன் நெட் இணைப்போடு டாலி லைசென்ஸை ‘சரண்டர்’ செய்துவிடுங்கள், அதாவது அந்த மெஷினிலிருந்து விடுவித்துவிடுங்கள். அது பழைய மெஷினில் இருந்து செய்ய வேண்டிய வேலை.

---

எழுத்தாணி

அப்பாவின் கோப்புகளைப் பற்றி. அவை கெடவில்லை, தயவுசெய்து எதையும் திறந்து ‘சேவ்’ செய்துவிடாதீர்கள்.

ஒவ்வோர் எழுத்துக்கும் பொதுவான தனி எண் தரும் யூனிகோட் முறை பரவுவதற்கு முன் தமிழ்த் தட்டச்சு எழுத்துருவை நம்பியே இருந்தது. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது, கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். எம் இருக்கும் இடத்தில் ‘அ’ வடிவத்தையும், கே இருக்கும் இடத்தில் ‘ம’ வடிவத்தையும், அரைப்புள்ளிக்குப் புள்ளியையும், எச் இருக்கும் இடத்தில் காலையும் வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. புதுக் கணினியில் பாமினி இல்லை, அதனால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. வானவில் போன்ற மற்ற பழைய எழுத்துருக்களுக்கும் இதே கதைதான், குறியீட்டு அட்டவணை மட்டும் வேறு.

எந்த எழுத்துரு என்று அறிய, வேர்டில் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருப் பெட்டியில் உள்ள பெயரைப் பாருங்கள். கணினியில் இல்லாவிட்டாலும் கோப்பு கேட்கிற பெயரை வேர்ட் அங்கே காட்டும். அதே பெயருள்ள எழுத்துருக் கோப்பைப் பழைய மடிக்கணினியில் இரண்டு இடங்களில் தேடுங்கள். ஒன்று சி › விண்டோஸ் › ஃபான்ட்ஸ். இன்னொன்று பயனர் தனக்கு மட்டும் நிறுவியவை இருக்குமிடம்: ஆப்டேட்டா › லோக்கல் › மைக்ரோசாஃப்ட் › விண்டோஸ் › ஃபான்ட்ஸ். எடுத்துவந்து ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுத்தால், வேர்டை மூடித் திறந்ததும் தமிழ் வந்துவிடும். வெறும் நோட்பேட் கோப்பாக இருந்தால் எழுத்துருப் பெயர் உள்ளே பதிவாகியிருக்காது. பாமினியாக இருக்குமோ என்று மேற்சொன்ன ‘அம்மா’ போல ஒரு சொல்லை வைத்துச் சோதித்துதான் பார்க்க வேண்டும்.

எழுத்துரு வந்துவிட்டதே என்று அத்தோடு நிறுத்த வேண்டாம். பல வருட உழைப்பு. தேடலில் தமிழில் தட்டினால் அந்தக் கோப்புகளில் ஒரு சொல் கூடக் கிடைக்காது, தேடல் இயந்திரத்தின் கண்ணுக்கு அது தமிழே அல்ல. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளில் மூலக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்து யூனிகோடுக்கு மாற்றிப் புதுப் பெயரில் சேமியுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். ஆங்கிலச் சொற்கள் கலந்த பத்திகளில் அவையும் தமிழ்க் குறிகளாக மாறி உளறலாகிவிடும், அந்த வரிகளை மட்டும் கையால் திருத்த வேண்டியிருக்கும். நூறு பக்கத்தை ஒரே மூச்சில் மாற்றாமல் இரண்டு பக்கம் மாற்றிப் படித்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

‘ஸ்ரீராமபுரம்’ கோப்பும் அங்கேயேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாக எழுதலாம்: ‘ஸ’கரத்தில் தொடங்கி, அல்லது 2005-இல் யூனிகோட் 4.1 சேர்த்த ‘ஶ’கரத்தில் தொடங்கி. திரையில் இரண்டும் ஒரே உரு. தேடலுக்கு இரண்டும் வெவ்வேறு சொல். பழைய விசைப்பலகை ஒன்றையும் புதியது மற்றொன்றையும் இட்டால், கண் முன்னால் இருக்கும் கோப்பும் ‘இல்லை’ என்றே வரும். ‘ராமபுரம்’ என்று மட்டும் தட்டித் தேடுங்கள். ‘ஒப்பந்தம்’ என்றும் தேடிப் பாருங்கள். ஒகர, ஓகார உயிர்மெய்களிலும் இதே சிக்கல் உண்டு. ‘கொ’வை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். மாக் கணினி வழியாக வந்த கோப்புப் பெயர்களில் இது அடிக்கடி நிகழும். அந்த எழுத்துகளைத் தவிர்த்த ஒரு துண்டை எடுத்துத் தேடுவதே வேகமான வழி.

---

டிஸ்க்_மேஸ்திரி

எழுத்தாணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். புது விண்டோஸில் தேடலே முதல் சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட, அரைகுறையாகத்தான் இருக்கும். தேடலுக்கான இன்டெக்ஸை (ஃபைல் அட்டவணையை) கட்டி முடித்திருக்காது. போதாததற்கு, ‘கிளாசிக்’ முறையில் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி சில இடங்களை மட்டும்தான் இன்டெக்ஸ் செய்யும். செட்டிங்ஸில் விண்டோஸ் சர்ச்சுக்குள் ‘என்ஹான்ஸ்டு’ என்று மாற்றலாம். அவசரத்துக்கு ‘எவ்ரிதிங்’ என்ற இலவச மென்பொருள் நல்லது, டிஸ்கின் ஃபைல் பட்டியலை நேரடியாகப் படிப்பதால் பெயரைத் தட்டத் தட்டக் காட்டும். உள்ளடக்கத்துக்கு இல்லை, பெயருக்கு.

---

பொம்மனஹள்ளி_1

இதே மாதிரி சிக்கல், ஆனால் பழைய லேப்டாப் ஆன் ஆகவே இல்லை. மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள். டிஸ்கை மட்டும் வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். எப்படிப் படிப்பது? இன்னொரு லேப்டாப்பை ஏற்கெனவே ரீசெட் செய்துவிட்டோம், அதில் இருந்தது 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப் வகை டிஸ்க்). அதிலிருந்து ஏதாவது மீட்க வழி உண்டா?

---

டிஸ்க்_மேஸ்திரி

டிஸ்கை யூஎஸ்பி கேஸில் போட்டுப் படிக்கலாம். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடக்கிற தூரம்தான். டிஸ்கையே கையில் கொண்டு போங்க, ஏனென்றால் தவறான கேஸ் வாங்குவதுதான் வழக்கம். 2.5 அங்குல டிஸ்க் என்றால் சாட்டா கேஸ், சில நூறு ரூபாய். சூயிங் கம் பட்டை மாதிரி இருந்தால் எம்.2. அதில் சாட்டா, என்விஎம்இ என்று ரெண்டு ரகம். முனையில் ரெண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. லேபிளைப் படித்து உறுதி செய்யுங்க. என்விஎம்இ கேஸ் விலை கூடுதல், சாட்டா எம்.2 எல்லா என்விஎம்இ கேஸிலும் வேலை செய்யாது.

செருகியதும் ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்டால் ஒருபோதும் சரி என்று சொல்லாதீங்க. ‘அனுமதி இல்லை’ என்றால் ‘கன்டின்யூ’ கொடுங்க, அந்த ஃபோல்டர் பழைய கம்ப்யூட்டரின் கணக்குக்குச் சொந்தம் என்பதால் அனுமதி எழுதிக்கொண்டே வரும், பெரிய ஃபோல்டருக்கு நிறைய நேரம் ஆகும். பூட்டுப் படம் காட்டி 48 இலக்க ரெகவரி கீ கேட்டால் அது பிட்லாக்கர், டிஸ்கையே பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. அந்த டிஸ்க் இருந்த லேப்டாப்பில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சைன்-இன் செய்திருந்தீங்களோ அதில் பிரவுசர் வழியே நுழைந்து, டிவைசஸ் பகுதியில் தேடினால் கீ இருக்கும். திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தோடு ஒத்துப் பாருங்க. கீ இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது, திறந்து தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் உடனே கழற்றுங்க. ஓட ஓடச் சேதம் கூடும்.

ரீசெட் ஆன எஸ்எஸ்டி பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன், நம்பிக்கை மிகக் குறைவு. ஃபைல் அழிந்ததும் விண்டோஸ் ‘ட்ரிம்’ என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், அது அந்த இடத்தை உள்ளுக்குள் காலி செய்துவிடும். ஹார்ட் டிஸ்காக இருந்தால் மேலே எழுதப்படாத வரை ஃபோட்டோரெக் போன்ற கருவியில் நிறையக் கிடைக்கும், பெயர் போய் எண் வந்திருந்தாலும் படம் வரும். மீட்பதை வேறு டிஸ்கில்தான் சேமிக்கணும். உங்க விஷயத்தில் ஃபைலைத் தேடுவதைவிட அதன் நகல்களைத் தேடுவது பயன் தரும். மெயிலில் அனுப்பிய இணைப்புகள், வாட்ஸ்அப்பில் பகிர்ந்தவை, கூகுள் போட்டோஸ், ஒன்டிரைவ் வெப்சைட்டின் ரீசைக்கிள் பின் (சொந்தக் கணக்குக்கு 30 நாள் வரை). ஓட்டுநர் உரிமம், ஆதார் மாதிரியானவற்றை டிஜிலாக்கரில் புதிதாகவே எடுக்கலாம்.

---

அல்சூர்_அங்காடி

மிக்க நன்றி. எக்ஸ்சேஞ்சை அடுத்த வாரத்துக்கு மாற்றிக் கேட்டாயிற்று. எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஒன்டிரைவ் › டெஸ்க்டாப்பில் காத்தாவும் பத்திரமும் கிடைத்தன. ‘ராமபுரம்’ என்று தேடியதும் ஒப்பந்தம் வந்தது. டாலி ‘பப்ளிக்’ ஃபோல்டரில்தான் இருந்தது, டிரையல் பேலன்ஸ் பைசா சுத்தமாக ஒத்துப் போகிறது. போட்டோக்கள் பழையதில் இறங்கிக்கொண்டிருக்கின்றன.

இறங்கியதும் மறுபடி காப்பி செய்யணும். இந்தத் தடவை ஒன்றும் விடுபடவில்லை என்று எப்படி உறுதி செய்வது? பழையதைக் கொடுக்கும் முன் எப்படித் துடைப்பது? போன தடவை ‘பாதை நீளம்’ என்றும் ஓர் எரர் வந்த ஞாபகம்.

---

டிஸ்க்_மேஸ்திரி

இழுத்துப் போட்டு காப்பி செய்யாதீங்க, ரோபோகாப்பி பயன்படுத்துங்க. விண்டோஸிலேயே இருக்கு. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ரோபோகாப்பி, இடைவெளி, எடுக்கும் ஃபோல்டரின் பாதை இரட்டை மேற்கோளுக்குள், இடைவெளி, சேரும் ஃபோல்டரின் பாதை இரட்டை மேற்கோளுக்குள், அப்புறம் ஸ்விட்ச்கள்: ஸ்லாஷ் ஈ, ஸ்லாஷ் எக்ஸ்ஜே, ஸ்லாஷ் ஆர் கோலன் 1, ஸ்லாஷ் டபிள்யூ கோலன் 1, ஸ்லாஷ் யூனிலாக் கோலன் போட்டு லாக் ஃபைலின் (என்ன நடந்தது என்று எழுதிவைக்கும் ஃபைல்) பெயர்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஈ, காலி ஃபோல்டர் உள்பட எல்லாத் துணை ஃபோல்டரும் வர. எக்ஸ்ஜே மிக முக்கியம்: யூசர் ஃபோல்டருக்குள் ‘அப்ளிகேஷன் டேட்டா’ மாதிரி போலி வாசல்கள் உண்டு, அவை மற்றொரு ஃபோல்டருக்கே திருப்பிவிடும், உள்ளே புகுந்தால் காப்பி முடிவில்லாமல் சுற்றும். ஆர், டபிள்யூ இரண்டும் மறுமுயற்சிக்கு. சொல்லாமல் விட்டால் படிக்க முடியாத ஒரே ஃபைலுக்காக 30 விநாடி இடைவெளியில் பத்து லட்சம் முறை முயலும், காலையில் வந்து பார்த்தால் அதே இடத்தில் நிற்கும். யூனிலாக் போட்டால்தான் லாக்கில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகாமல் வரும். மேற்கோளை மூடும் முன் பின்சாய்கோடு வரக்கூடாது, வந்தால் மேற்கோள் மூடியதாகவே எடுத்துக்கொள்ளாது. ‘மிர்’ என்ற ஸ்விட்சை இணையத்தில் நிறையப் பேர் பரிந்துரைப்பார்கள், உங்களுக்கு வேண்டாம். எடுக்கும் இடத்தில் இல்லாததைச் சேரும் இடத்தில் அழித்துவிடும் அது.

பாதை நீளத்துக்கு வருவோம். விண்டோஸில் டிரைவ் எழுத்திலிருந்து ஃபைல் பெயர் வரை வழக்கமாக 260 குறிகள்தான் எல்லை. தமிழில் கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரிவது உள்ளே இரண்டு மூன்று குறி, ‘ஸ்ரீ’ மட்டும் நான்கு. ‘பழைய லேப்டாப் முழு காப்பி’ என்று ஒரு ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் போட்டால், ஏற்கெனவே நீளமாக இருந்த பாதை எல்லையைத் தாண்டிவிடும். ரோபோகாப்பி நீளமான பாதையையும் காப்பி செய்துவிடும், ஆனால் பிறகு வேர்ட் அதைத் திறக்காது. எக்ஸ்டர்னல் டிஸ்கின் மேல் மட்டத்தில் ஓரெழுத்துப் பெயரில் ஃபோல்டர் போட்டு அதற்குள் கொண்டு வாங்க.

முடிந்ததும் லாக்கின் கடைசியில் ஒரு அட்டவணை வரும். ‘ஃபெயில்ட்’ பத்தியில் ஃபைல்ஸ் வரி பூஜ்யமாக இருக்கணும். இல்லாவிட்டால் லாக்கில் ‘எரர்’ என்று தேடினால் எந்த ஃபைல், ஏன் என்று இருக்கும். திறந்து கிடக்கும் அவுட்லுக், குரோம், டாலி ஃபைல்கள்தான் பெரும்பாலும், அவற்றை மூடிவிட்டு அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் விட்டதை மட்டும் எடுக்கும். பிறகு அதே கட்டளையின் கடைசியில் ஸ்லாஷ் எல் சேர்த்து, லாக் பெயரை மாற்றி ஒருமுறை ஓட்டுங்க. எல் இருந்தால் எதையும் காப்பி செய்யாது, இன்னும் என்ன பாக்கி என்று பட்டியல் மட்டும் தரும். ‘காப்பீட்’ பத்தியில் ஃபைல்ஸ் பூஜ்யம் வந்தால் ரெண்டு பக்கமும் ஒன்று. அதற்குப் பிறகும் 2019, 2020, 2021, 2022 ஒவ்வொன்றிலிருந்தும் பத்துப் படத்தை, நெட்டைத் துண்டித்துவிட்டு, எக்ஸ்டர்னல் டிஸ்கிலிருந்தே திறந்து பாருங்க. பெயர் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத ஃபைலைப் பிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

துடைப்பது கடைசி வேலை. டாலி சரண்டர், குரோம் எக்ஸ்போர்ட், எழுத்துரு மூன்றும் எடுத்தாயிற்றா பாருங்க. பிறகு செட்டிங்ஸில் ரெகவரி, ரீசெட் திஸ் பிசி, ‘ரிமூவ் எவ்ரிதிங்’, அதில் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ அழுத்தி ‘க்ளீன் டேட்டா’வை ஆன் செய்யணும், எல்லா டிரைவுகளையும் அழி என்பதையும் ஆன் செய்யணும். இரண்டாவதை விட்டால் டி டிரைவ் அப்படியே அடுத்தவர் கைக்குப் போகும். ஹார்ட் டிஸ்க் என்பதால் 1 டிபியை முழுக்க எழுதித் துடைக்கப் பல மணி நேரம் ஆகும், சார்ஜரைக் கழற்றாமல் ராத்திரி முழுக்க விடுங்க. முடிந்த பிறகு பிரவுசரில் உங்க மைக்ரோசாஃப்ட் கணக்கின் டிவைசஸ் பட்டியலிலிருந்து பழையதை நீக்கிவிடுங்க.

புது லேப்டாப்பிலும் டிரைவ் என்க்ரிப்ட் ஆகியிருக்கலாம், அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கலாம். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ பாருங்க. ஆன் என்றால் அதன் 48 இலக்கக் கீ இப்போது கடை ஐடியில்தான் இருக்கும். இன்றே பிரின்ட் எடுத்துப் பத்திரத்தோடு வைத்துவிடுங்க.